ஃபிரிட்ஜுக்குள் ஒரு பனிக்காலம்

அபுதாபிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை, சமைக்கப் போனேன். தம்பி சங்கரனின் மனைவி சுதாவுக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "எக்கா, நீ வந்து ரெண்டு வாரம் இருந்தாப் போதும், நாங்க பொழச்சிக்கிடுவோம்" என்று தம்பி போனில் கெஞ்சினான். ஏப்ரல் கடைசி, பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சத்துணவு அமைப்பாளர் நான். சமையலுக்கு ஆள் இருந்தாலும் கரண்டி என் கையில்தான் இருக்கும். தினமும் நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள், மூன்று பேருக்குச் சோறாக்க விமானம் ஏறினேன். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

விடிகாலையில் இறங்கினேன். வெளியே வந்தால் வானமும் தரையும் ஒரே நிறம். புழுதியா, பனியா, என் தூக்கக் கலக்கமா என்று தெரியவில்லை. சாலையின் இரு பக்கமும் பேரீச்ச மரங்கள் மங்கலாக வந்து வந்து போயின. சங்கரன் ஏதோ பேசிக்கொண்டே கார் ஓட்டினான். நான் 'ம்' கொட்டியபடி பாதி கனவில் இருந்தேன்.

அவன் வீடு முசஃபாவில் ஷாபியா என்ற பகுதியில். சாலைக்கு இந்தப் பக்கம் குடும்பங்கள் குடியிருக்கிற கட்டடங்கள், அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பட்டறைகள். பகலெல்லாம் இரும்பை இரும்பு தட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் கோயில் மணி கேட்கிற தூரம். இரண்டு நாளில் அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது எனக்கு.

வீட்டில் சங்கரன், சுதா, ஒன்பது வயது இனியா. பெயர்தான் தமிழ். நாம் தமிழில் கேட்டால் அவள் பாதியை இங்கிலீஷில் சொல்வாள், மீதியைத் தோளைக் குலுக்கிச் சொல்வாள். ஆனாலும் போன உடனே என் பெட்டியைக் குடைந்து, "அத்தை, சீடை எங்க?" என்று கேட்டாளே, அதிலேயே நான் விழுந்துவிட்டேன். அன்று முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமும் இல்லை. அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள்தான் வினை. இனியா பள்ளிக்கூடம் போயாயிற்று, தம்பி டூட்டிக்குப் போயாயிற்று, சுதா மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். குழம்புக்கு என்ன இருக்கிறது என்று ஃபிரிட்ஜைக் குடைந்தேன். முருங்கைக்காய் இருந்தது, கத்திரிக்காய் இருந்தது. அடித்தட்டில், பின்னால், ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் கண்ணை மூடித் தூங்குகிற ஒரு முகத்தை யாரோ பேனாவால் வரைந்திருந்தார்கள். திறந்தால் ஈர மணல். மணலுக்குள் பழுப்பு நிறத்தில் கொட்டைகள்.

எங்கள் பக்கத்தில் பலாக்கொட்டையை மணலில் புதைத்துத்தானே வைப்போம்? குற்றாலத்துச் சீசன் பலாவைத் தின்று, கொட்டையை மணலில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சுதா செங்கோட்டைக்காரி. பரவாயில்லையே, இங்கே வந்தும் வழக்கத்தை விடவில்லையே என்று எனக்குப் பெருமை வேறு. கொட்டை கொஞ்சம் உருண்டையாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. வியட்நாம் பலாவாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மொத்தம் ஒன்பது. ஏழில் வெள்ளையாக ஒரு மூக்கு வெளியே நீட்டியிருந்தது. முளைவிட்ட கொட்டை குழம்புக்கு இன்னும் ருசி. மூக்கை மட்டும் கத்தியால் சீவி, குப்பையோடு சேர்த்துக் குழாயில் தள்ளினேன். கட்டடத்துக் குப்பையெல்லாம் அந்தக் குழாய் வழியாகக் கீழே போய்விடும்.

தோலை உடைத்து, இரண்டாக நறுக்கி, உப்புப் போட்டு வேகவைத்தேன். கொதி வந்ததும் நுரை வந்தது. பருப்பு நுரை மாதிரி அள்ளிப் போட்டேன். மறுபடியும் வந்தது. அள்ள அள்ள வெள்ளை வெளேரென்று பொங்கி, அடுப்பை மூடி, மேடையில் வழிந்து, தரைக்கு இறங்க ஆரம்பித்தது. ஜன்னல் வெயிலில் அதில் நீலமும் ரோஸுமாக நிறங்கள் ஓடின. அடுப்பை அணைக்காமல் ஒரு நிமிடம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகாக ஒன்று என் சமையலில் வந்ததே இல்லை.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழக்க தோஷத்தில் ஒரு துண்டை வாயில் போட்டேன். ஐயோ, அந்தக் கசப்பு! வேப்பெண்ணெய் தோற்றது. ஓடிப்போய்த் துப்பினேன். சத்தம் கேட்டு சுதா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், தலையில் கை வைத்தாள்.

"மதினி, இது இனியாவோடது. முழுங்கலியே? வெஷம் மதினி, வயித்தப் பெரட்டிரும்!"

முழுங்கவில்லை. ஆனால் அவள் சொன்னதைக் கேட்டதும் ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன்.

அது பலா இல்லையாம். ஹார்ஸ் செஸ்ட்நட் என்று குளிர் நாட்டு மரத்தின் விதையாம். தமிழில் பெயர்த்துப் பார்த்தேன், சபையில் சொல்கிற மாதிரி வரவில்லை. மேல் மாடியில் பல்கேரியா நாட்டுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய மகள் எலேனாவும் இனியாவும் ஒட்டிப் பிறந்த மாதிரி திரிவார்களாம். போன கோடையில் அவர்கள் சொந்த நாட்டுக்கே திரும்பிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் எலேனா தன் தெருவில் பொறுக்கியதில் ஒன்பதை, இங்கே வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்த விதை நாலைந்து மாதம் குளிரில் தூங்கி எழுந்தால்தான் முளைக்குமாம். எலேனா ஒன்பதைத் தன் பால்கனித் தொட்டியில் பனியில் புதைத்தாள். அபுதாபியில் பனிக்கு எங்கே போவது? இனியா ஃபிரிட்ஜில் புதைத்தாள். யாருடைய குளிர்காலம் ஜெயிக்கிறது என்று இரண்டு பேருக்கும் பந்தயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீடியோவில் திறந்து காட்டுவதாக ஏற்பாடு.

"எலேனா போன பொறவு இவ யார்கூடயும் சேரல மதினி. இந்த டப்பா ஒண்ணுதான் ரெண்டுக்கும் பேச்சு. ரெண்டு வாரமா டப்பாவத் தெறக்காம அடக்கி வச்சிருந்தா, தூக்கம் கலையக் கூடாதுன்னு" என்றாள் சுதா. பிறகு மெதுவாக, "முளை ஏதாவது வந்திருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் சீவிய ஏழு வெள்ளை மூக்கும் கண்முன் வந்து நின்றன. "கவனிக்கலியே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம், வேறென்ன. சமைத்தது தெரியாமல் செய்த பிழை. முளைத்திருந்ததைச் சமைத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மூன்றாம் நாள் காலையில், சுதாவிடம் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு, அதே மாதிரி கொட்டை வாங்கிவர ஒற்றையாகக் கிளம்பினேன். பஸ் கார்டை ஏறும்போதும் இறங்கும்போதும் தேய்க்க வேண்டும் என்று தம்பி சொல்லித் தந்திருந்தான். ஏறும்போது தேய்த்தேன். எந்தப் பக்கம் போகிற பஸ் என்று மட்டும் பார்க்கவில்லை. கடைகள் வரும் வரும் என்று பார்த்தால் பட்டறைகளும் வெல்டிங் பொறியும்தான் வந்தன. பஸ்ஸில் நீல உடுப்புப் போட்ட ஆண்கள். பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். முன் வரிசையில் பெண்களுக்கு விட்ட இடத்தில் நான் ஒருத்தி, கைப்பையை மடியில் கட்டிக்கொண்டு. வெயிலில் எல்லாம் ஆவி மாதிரி ஆடியது. பஸ் தரையில் போகிறதா மிதக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

"அம்மா தமிழா? இது நாங்க தங்குற கேம்புக்குப் போற பஸ்ஸும்மா" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அறந்தாங்கிக்காரர், வெல்டர், நைட் டூட்டி முடித்துப் போகிறார். என்னோடு இறங்கி, எதிர்ப் பக்கம் நிழல் பார்த்து நிற்க வைத்தார். முன்பின் தெரியாத மனிதரிடம்தான் எல்லாம் கொட்ட வருகிறது. டப்பா, குழம்பு, ஏழு மூக்கு எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதுக்கேன்மா அழுவுறீங்க? அத இங்க கஸ்தனான்னு விப்பாங்க. அரபி ஆளுங்க சுட்டுத் திம்பாங்க. பெரிய கடையில கெடைக்கும்."

பஸ் வருகிற வரை நின்றார். என்ன நினைத்தாரோ, "நானும் எம் பொண்ணுகிட்ட லீவுக்கு வர்றேன் வர்றேன்னு ரெண்டு தடவ பொய் சொல்லிருக்கேம்மா. சொல்லிட்டு வச்சிடலாம். அடுத்த தடவ போன் அடிக்கிறப்பதான் எடுக்க மனசு வராது" என்றார். பிறகு, "யல்லா, பஸ் வந்திருச்சு, ஏறுங்க" என்று விரட்டினார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

கடையில் கஸ்தனா இருந்தது. சீனாவிலிருந்து வந்த மூட்டை. அதே பழுப்பு, அதே பளபளப்பு. பெரிதாக ஒன்பது பொறுக்கி, கொசுறாக இன்னும் கொஞ்சம் அள்ளிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதே மணலில் புதைத்து, தூங்குகிற முகத்தை மேலே மூடி, பழைய இடத்தில் வைத்தேன். கைப்பையில் பஸ் கார்டைப் பார்த்தபோதுதான் இறங்கும்போது தேய்க்க மறந்தது நினைவு வந்தது. திருட்டு வேலை செய்கிறவளுக்கு அதுவும் ஒரு கேடு.

சாயங்காலம் இனியா டப்பாவை எடுத்து, திறக்காமல் காதில் வைத்துப் பார்த்தாள். கனம் வேறாகத் தெரிந்ததோ என்னவோ, மூடியைத் திறந்தாள். ஒரு கொட்டையை எடுத்தாள். இரண்டு நொடி கூட ஆகவில்லை.

"அத்தை, இது வேற. இதுக்கு ஷார்ப்பா டிப் இருக்கு. இது சாப்பிடுறது. என்னோடது ரவுண்டா இருக்கும், ஒரு பெரிய ஒயிட் கண்ணு இருக்கும்."

ஒன்பது வயதுக் குழந்தை முன்னால் கையும் களவுமாக நின்றேன். சமைத்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "முளை இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"கவனிக்கல கண்ணு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் தமிழே கிடையாது. தோசை வேண்டுமா என்றால், "நோ, தேங்க் யூ." தலை வாரட்டுமா என்றால், "நோ, தேங்க் யூ." மரியாதையாகப் பேசியே ஒரு பிள்ளை மனிதரைக் கொல்ல முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இந்த முந்தானையை இனி யாரும் பிடிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே அதை இடுப்பில் செருகினேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான். அவள் வந்தபோது நான் குளியலறையில் மஞ்சள் கறை படிந்த அடுப்படித் துண்டைத் துவைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேகவைத்த தண்ணீரைக் கொட்ட மனசு வராமல், கொட்டையோடும் தோலோடும் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். அந்த நுரையை எனக்குத் தெரியும். பட்டுச் சேலைக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் நாங்கள் போடுகிற பூந்திக்கொட்டையின் நுரை அதே மாதிரி இருக்கும். அதனால் அந்தத் தண்ணீரிலேயே துண்டை நனைத்துத் தேய்த்தேன். நுரை முழங்கை வரை ஏறியது. கதவருகே இனியா நின்றாள்.

"வாட் இஸ் தட்?"

"உன் கொட்டத் தண்ணிதான். சோப்பு போடல, ஒண்ணும் போடல. பாரு, கற போவுது."

பார்த்தாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையை விட்டாள். நுரையை உள்ளங்கையில் அள்ளி ஊதினாள். ஒரு குமிழி எழும்பி, குழல்விளக்கு வரைக்கும் போய், அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

சனிக்கிழமை வீட்டுக் கூடம் பட்டறையாகிவிட்டது. பக்கத்து வீட்டு மலையாளிப் பிள்ளைகள் இரண்டு பேர், கீழ் வீட்டு எகிப்துப் பெண் மரியம். எலேனா போன பிறகு இனியா ஆட்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாம். சுதா சோபாவில் சாய்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று பாட்டில் வைத்தார்கள். ஒன்றில் ஹார்ஸ் செஸ்ட்நட் தண்ணீர், ஒன்றில் வேகவைத்த கஸ்தனாத் தண்ணீர், ஒன்றில் நான் கீழே மலையாளிக் கடையில் வாங்கிவந்த பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். ஆளுக்குப் பத்துக் குலுக்கல். எனக்குக் கொடுத்த வேலை எண்ணுவது. ஒன்பதிலேயே நிறுத்தச் சொன்னேன் என்று மரியம் என்னைத் திட்டினாள். அரபியில் திட்டியதால் எனக்கு உறைக்கவில்லை.

பூந்திக்கொட்டை பாட்டிலின் கழுத்து வரை நுரைத்தது. செஸ்ட்நட் அதற்கு ஒரு விரல் கீழே. கஸ்தனாவில் ஒரு வளையம் வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டது. "அதான் அத நம்ம சாப்பிடலாம், இத சாப்பிடக் கூடாது. சோப் இருக்கு உள்ள" என்று இனியா மற்ற பிள்ளைகளுக்கு விளக்கினாள். தொட்டதும் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு வேறு. மீந்த கஸ்தனாவில் பல்குச்சி செருகி மரியம் ஒட்டகம் செய்தாள். அதன் கால் நான்கும் நாலு பக்கம் போனது. சாயங்காலத்துக்குள் தாம்பாளத்து மணலில் ஒட்டகக் கூட்டமே நின்றது. சாய்ந்த வெயில் கூடத்துக்குள் நீளமாக வந்து, ஒட்டகங்களின் நிழல் சுவரேறியது. பிள்ளைகள் பேச்சை நிறுத்தி அதையே பார்த்தார்கள். நானும் எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

எல்லாரும் போன பிறகு இனியா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு சின்ன முளைகூட இல்லையா?" தமிழில் கேட்டாள். அந்தத் தமிழை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். மூன்றாவது பொய்.

அன்று ராத்திரி சங்கரன் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். தூத்துக்குடிக் கடல் கரையில் நின்றால் நம்மை அதட்டும். இந்தக் கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. தம்பி சவர்மா வாங்கிக் கொடுத்தான். ருசியாகத்தான் இருந்திருக்கும். நான் பாதியை அப்படியே தாளில் சுற்றி வைத்தேன். "என்னக்கா, ஊரு நெனப்பா?" என்றான். ஆமாம் என்றேன். அது நான்காவது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இனியா டேப்லெட்டைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் அவள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட பெரிய தாள். திரையில் மஞ்சள் முடியும் முன்பல் ஓட்டையுமாக எலேனா. முன்னால் அவளுடைய தொட்டி. அவர்கள் பேசிய இங்கிலீஷ் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. என் ஒன்பதில் மூன்று வந்திருக்கிறது, இதோ பார் என்று எலேனா தொட்டியைத் தூக்கிக் காட்டினாள். இப்போது உன்னுடையது, திற, திற என்று குதித்தாள்.

இனியா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை அறைந்தது. "என்னோட விதை எல்லாம் போயிருச்சு. ஒரு ஆக்சிடென்ட்" என்றாள். பிறகு கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் செஞ்ச பனிக்காலம் நிஜமா, பொய்யான்னு எனக்குத் தெரியவே போறதில்ல" என்றாள். குரல் உடைந்தது. அவ்வளவு நாள் அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள்.

கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தத் திரைக்கு முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்து ஒரு கை அளவுதான்.

"எலேனா, ஐ குக். ஆல் நைன். ஐ ஆன்ட்டி." இனியா பக்கம் திரும்பினேன். "முளச்சிருந்துச்சு கண்ணு. ஏழு முளச்சிருந்துச்சு. நான்தான் சீவி எறிஞ்சேன். கவனிக்கலன்னு சொன்னது பொய்யி. செவன், எலேனா, செவன்!"

இனியா கண்ணைத் துடைக்காமல் என்னையே பார்த்தாள்.

"ஏழா?"

"ஏழு. ரெண்டு மட்டும் தூங்கிட்டு இருந்துச்சு."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"பயம்."

"என்கிட்டயா?" அவளுக்கு நம்ப முடியவில்லை.

"ஒன்கிட்டதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. வயதான காலத்தில் எனக்கென்ன வெட்கம்?

அதற்குள் திரையில் எலேனா கத்த ஆரம்பித்திருந்தாள். "ஃபிரிட்ஜ் ஜெயிச்சிருச்சு! ஏழு, மூணு! ஃபிரிட்ஜ் ஜெயிச்சிருச்சு!" தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கியதில் மண் அவள் முடியெல்லாம் கொட்டியது. பிறகு திடீரென்று நின்று, ஆன்ட்டி, குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டாள். முகத்தைச் சுளித்து நாக்கை நீட்டிக் காட்டினேன். அவள் சிரித்தாள். இனியா சிரிக்கவில்லை. அவள் எழுந்து போய் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு நீளம்? ஒவ்வொண்ணாக் காட்டுங்க."

கட்டைவிரல் நகத்தால் என் சுட்டுவிரலில் அளவு காட்டினேன். இருபத்திரண்டு வருடம் அரிசியும் பருப்பும் அளந்த கண், சோற்றுக்குப் பொய் சொன்னாலும் அளவுக்குப் பொய் சொல்லாது. முதலாவது இவ்வளவு, இரண்டாவது இதைவிடக் கொஞ்சம் குட்டை, மூன்றாவதுதான் பெரிது, லேசாக வளைந்திருந்தது. அவள் என் விரலில் ஸ்கேலை வைத்துப் பார்த்துப் பார்த்து ஏழு கட்டத்தையும் நிரப்பினாள். எலேனா அங்கே அதை எழுதிக்கொண்டாள்.

தாளின் கடைசியில், பார்த்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தன் பெயரை முன்பே அழகாக எழுதி வைத்திருந்தாள். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே தமிழில், எழுத்துக் கூட்டி, 'அத்தை' என்று எழுதினாள். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"சைன் பண்ணுங்க. நீங்க மட்டும்தான் பாத்தீங்க."